அறைகளும் கோடுகளும்

எஸ். ஆர். ரங்கநாதனை நாம் நூலகத்துறைக்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டோம். எழுத்தோடு சம்பந்தமுள்ள ஒரு பிரச்னையை அவர் தொட்டிருக்கிறார் என்பது எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது.

அமெரிக்கரான மெல்வில் டூயி 1876-இல் அறிவைப் பத்து அறைகளாகத் தடுத்தார். மதத்துக்கு ஒதுக்கிய இருநூறுகளில் பெரும்பகுதியைக் கிறிஸ்துவம் எடுத்துக்கொண்டது. மற்ற மதங்களெல்லாம் 290-இல் ஒண்ட வேண்டியிருந்தது. இதைக் கெட்ட எண்ணம் என்று நான் சொல்லமாட்டேன். அறையை முன்கூட்டிக் கட்டுகிறவனுக்குத் தன் வீட்டு ஆட்கள்தான் முதலில் ஞாபகத்துக்கு வருவார்கள்.

சென்னையில் கணிதம் கற்பித்துவந்த ரங்கநாதன் 1924-இல் பல்கலைக்கழக நூலகரானார். அதே வருஷம் லண்டன் போனவர், ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். அதே சில தகடுகள், திருகாணிகள். கோக்கிற விதத்தில் வேறு வேறு பொம்மைகள். 1933-இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்புமுறைக்கு இதுதான் பொறி. புத்தகத்துக்கு அறை தேடாமல், அது எவற்றின் சேர்க்கை என்று கேட்பது அதன் சாரம். அந்தச் சேர்க்கையைப் பிற்பாடு ஐந்து முகங்களாக வகுத்தார்: ஆளுமை, பொருள், செயல், இடம், காலம்.

கம்ப்யூட்டர்க்காரர்களும் இதே பிரச்னைக்கு வேறு வழியாக வந்து சேர்ந்தார்கள். தகவல் இயந்திரத்துக்குள் எந்தத் தடத்தில் கிடக்கிறது என்று தெரிந்தவன்தான் அதை எடுக்க முடியும் என்றிருந்தது. 1970-இல் ஐ.பி.எம்.மில் இருந்த எட்கர் காட், தகவல்களை அட்டவணைகளாகப் பார்க்கச் சொல்லி அந்தச் சுமையை இறக்கினார். 1976-இல் பீட்டர் சென், பொருள்களையும் அவற்றுக்கிடையே உள்ள உறவுகளையும் படமாக வரைந்து காட்டினார். ஆனால் அட்டவணைக்கு என்னென்ன தலைப்புகள் என்று முன்னதாகவே தீர்மானித்தாக வேண்டும். தலைப்பு வைக்காத விஷயத்தைப் பதிய இடமில்லை. மறுபடியும் டூயியின் வீடுதான்.

1999-இல் இணையத் தரங்களை வகுக்கும் கூட்டமைப்பு ஆர்.டி.எஃப். என்ற முறையைப் பரிந்துரைத்தது. இதில் எல்லாமே மூன்று உறுப்புள்ள வாக்கியம்: எழுவாய், பயனிலை, செயப்படுபொருள். வாக்கியத்தோடு வாக்கியம் கோத்தால் வலை. 2012-இல் கூகிள் தன்னுடைய இப்படிப்பட்ட வலைக்கு 'நாலெட்ஜ் கிராஃப்' என்று பெயர் வைத்தது. அதே வருஷம் விக்கிடேட்டாவும் தொடங்கியது. புதிய உறவு வேண்டுமென்றால் சுவரை இடிக்க வேண்டியதில்லை, ஒரு கோடு போட்டால் போதும்.

அந்தக் கோட்டில்தான் எனக்குச் சிக்கல். விக்கிடேட்டாவில் 'இன்னாரால் பாதிப்புப் பெற்றவர்' என்று ஓர் உறவு உண்டு. ஒரு கவிஞனிடமிருந்து இன்னொருவனுக்கு ஓர் அம்புக்குறி. பாதிப்பை ஸ்தாபிக்க விமர்சகன் வரிவரியாக வாதாட வேண்டியிருக்கிறது. ஒருவனை மறுத்து எழுதுவதும் பாதிப்புதான். பிறந்த ஊரையும் பாதிப்பையும் அம்புக்குறி ஒரே தடிமனில் வரைகிறது. சான்றைக் குறிக்க அங்கே இடமிருக்கிறது, முரண்பட்ட கூற்றுகளை அருகருகே வைக்கவும் முடியும் என்பதை மறைக்க விரும்பவில்லை. நேர்மையான ஏற்பாடு. ஆனால் விடையை மட்டும் உருவி எடுத்துப்போகிறவன் சான்றை அங்கேயே விட்டுவிடுகிறான்.

டூயியின் அநீதி புத்தகத்தின் முதுகில் எண்ணாக ஒட்டியிருந்தது. நானே பார்த்து எரிச்சல்பட்டிருக்கிறேன். கோட்டை அப்படிப் பார்க்க முடிவதில்லை. யார் போட்டது, எதை வைத்துப் போட்டது என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். விமர்சனம் இதுவரை செய்துவந்த வேலைதான் இது. வலை வந்துவிட்டதென்று அதை நிறுத்திக்கொள்ள எனக்குக் காரணம் தெரியவில்லை.