வித்தும் வித்தகமும்

சிராங்கூன் சாலைக் கடைகளில் பட்டுச்சேலை வாங்குவோர் சரிகையையும் கரையையும் நுணுகி நோக்குவர்; அப்பட்டு எந்த முட்டையிலிருந்து தொடங்கியது என்று எவரும் கேட்பதில்லை. நம் இலக்கியமும் ஏறத்தாழ அவ்வாறே. சிலப்பதிகாரம் புகார் நகரில் பட்டு, மயிர், பருத்தி ஆகியவற்றைக் கொண்டு நெய்வோரைக் காட்டுகிறது. புழு வளர்ப்போரை அங்கே காணோம். பட்டுப்புழுவைக் குறிக்க அகராதிகள் தரும் உலண்டு என்னும் பழஞ்சொல்லும் வழக்கிழந்துவிட்டது. இவ்வுரை அம்முட்டையைப் பற்றியது. அதைச் சேகரிக்கும் பணி வீட்டை விட்டு ஏன் நீங்கியது என்பதே இதன் வினா.

வீட்டில் முட்டை எடுப்பது கடினமான வேலையன்று. கூடு கட்டிய ஏறத்தாழ இரு வாரங்களில், தன் உமிழ்நீரால் கூட்டின் ஒரு முனையை இளக்கிக்கொண்டு அந்துப்பூச்சி வெளிவரும். துளைபட்ட கூட்டிலிருந்து ஒரே நீளமான இழையை நூற்க இயலாது. எனவே முட்டை வேண்டுவோர் அக்கூட்டின் பட்டைத் துறந்தாக வேண்டும். வெளிவந்த பூச்சி பறக்காது, உண்ணாது, சில நாள்களே வாழும். ஆணும் பெண்ணும் சில மணிநேரம் இணைந்திருந்தபின் பெண்ணைத் தனியே ஒரு தாளில் விட்டால், 300 முதல் 500 வரை முட்டைகளை ஒட்டிவைக்கும். அவை முதலில் வெளிர்மஞ்சளாக இருக்கும். குளிர்நாட்டு இனங்களில் கருவுற்றவை சில நாள்களில் சாம்பல் நிறம் கொள்ளும். மஞ்சளாகவே நிற்பவை பொரியா. வளர்ப்போர் பல நூற்றாண்டுகளாக இப்படித்தான் அடுத்த பருவத்துக்கு வேண்டியதைத் தாமே சேமித்தனர்.

இம்முறையைக் குலைத்தது பெப்ரின் என்னும் நோய். மிளகுத்தூள் தூவியதுபோல் புழுவின் உடலில் கரும்புள்ளிகள் தோன்றியதால், தென்பிரான்சின் வட்டார மொழியில் மிளகைக் குறிக்கும் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது. (அச்சொல்லின் மூலத்தைத் தேடிப்போனால் நம் திப்பிலியின் சுற்றத்தாரிடம் வந்து நிற்போம்.) 1853இல் 260 இலட்சம் கிலோவாக இருந்த பிரான்சின் கூடு விளைச்சல் 1865இல் 40 இலட்சம் கிலோவாகச் சரிந்தது. நோயற்ற முட்டைகளைத் தேடி ஐரோப்பிய வணிகர் ஜப்பான்வரை சென்றனர். முட்டைகள் ஒட்டிய அட்டைகளைக் கப்பலில் கொணர்ந்தனர். யோக்கோஹாமாவையும் மார்செய்யையும் இணைத்த பிரெஞ்சு அஞ்சல் கப்பல் வழியில் சிங்கப்பூரும் ஒரு துறை. வெப்பத்தில் சரக்குக் கெட்டுவிடுமோ என்பதே அவ்வணிகரின் பெருங்கவலை. இத்தீவு பட்டு வரலாற்றில் இடம்பெறும் ஒரு சிறு பக்கம் அது.

1865இல் ஆலெஸ் நகருக்கு அனுப்பப்பட்ட லூயி பாஸ்டர், நோய் தாயிடமிருந்து முட்டைக்குச் செல்வதை உறுதிப்படுத்தினார். அவர் கண்ட தீர்வு வியப்பூட்டும் எளிமை உடையது. ஒவ்வொரு தாய்ப்பூச்சியையும் தனித்தனியே முட்டையிடச் செய்க. பின்னர் அப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் பார்க்க. நோய்நுண்மம் தென்பட்டால் அதன் முட்டைகளை எரித்துவிடுக. தாளும் துணியும் எந்த வீட்டிலும் உண்டு; நுண்ணோக்கியும் அதில் பழகிய கண்ணும் இல்லை. வீடு தன் உரிமையை இழந்தது அங்கேதான் என்பது என் கருத்து. பிற்காலத்தில் கலப்பின முட்டைகள் பரவியபோது அவ்விழப்பு நிலைபெற்றது. கலப்பினத்தின் அடுத்த தலைமுறை ஒருசீராக அமையாது. ஆகவே ஒவ்வொரு பருவமும் புதிய முட்டைகளை வாங்கியே தீர வேண்டும்.

தமிழகத்தில் இத்தொழிலின் போக்கு நேரானதன்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராக விளங்கிய ஜேம்ஸ் ஆண்டர்சன், மல்பெரி என்று நாம் வழங்கும் முசுக்கட்டையை நடுவித்துப் புழு வளர்ப்பைப் பரப்ப முயன்றார், அம்முயற்சி நிலைக்கவில்லை. அதே காலத்தில் மைசூரில் திப்பு சுல்தான் ஊன்றியது வேர்கொண்டது. சென்னை மாகாணத்தில் புழு வளர்ப்புக்குப் பெயர்பெற்றிருந்த கொள்ளேகால் 1956இல் மாநிலச் சீரமைப்பின்போது மைசூருக்குச் சென்றது. காஞ்சியின் தறிகள் நம்மிடம் தங்கின. கூடு விளைந்த நிலம் கைவிட்டுப் போயிற்று. ஓசூர், தாளவாடிப் பகுதிகளில் இன்று நாம் காணும் வளர்ப்பை இந்த இழப்போடு சேர்த்தே எண்ண வேண்டும்.

முட்டை ஆக்கும் நிலையத்துக்குத் தமிழ்நாட்டில் வித்தகம் என்று பெயர். வித்து, அகம் என்று பிரித்தால் விதையின் இல்லம். பழந்தமிழில் இதே வடிவம் திறமையைக் குறிக்கும். பெயரிட்டவர் அதனை எண்ணினாரோ என்னவோ, பொருத்தம் நன்றாகவே உள்ளது. முட்டைக்கென ஒதுக்கும் கூட்டைக் கன்னடர் பித்தனெ கூடு என்பர். நம் வகரம் அங்கே பகரமாக ஒலிக்கிறது. பிரெஞ்சுக்காரரும் பட்டு முட்டையை விதை என்றே அழைத்தனர். உயிருள்ள பூச்சியின் முட்டையை மூன்று மொழியினரும் உழவரின் கண்கொண்டு பார்த்திருக்கின்றனர்.

சிங்கப்பூரில் காலணிப் பெட்டியில் புழு வளர்க்கும் சிறுவர் இன்றும் உளர். தொடக்கப்பள்ளி அறிவியலில் உயிரினங்களின் வாழ்க்கைச் சுழற்சி ஒரு பாடம். சாம்பல் நிறமான முட்டைகள் வாரக்கணக்கில் பொரியாதிருப்பதைக் கண்டு, இறந்தன என்றெண்ணி அவர்கள் எறிந்துவிடுவதுண்டு. அவை உறங்குகின்றன, எழுவதற்கு ஒரு குளிர்காலம் வேண்டும். நமக்கு அது வாய்க்காது. குளிர்பதனப் பெட்டியில் ஏறத்தாழ 5 பாகைக் குளிரில் இரண்டு மூன்று மாதம் வைத்தெடுத்தால் போதும். ஆசிரியர்கள் ஒன்று செய்யலாம்: ஒரு தாய்க்கு ஒரு தாள் என்று பிரித்து, முட்டையிட்ட நாளைக் குறிக்கச் சொல்லலாம். அத்தாளின் தலைப்பில் வித்து என்று மாணவர் எழுதினால் ஓசூர் உழவருக்கும் அது விளங்கும்.