வெண்ணெயும் உறைந்த நெய்யும்

'நெய்' என்னும் சிறுசொல் இன்று நம் இல்லங்களில் வெண்ணெயைக் காய்ச்சி எடுத்த பதார்த்தத்தையே பெரும்பாலும் குறிப்பதாயினும், முற்காலத்தில் அது செக்கிலிட்டு ஆட்டியதையும் மத்திட்டுக் கடைந்ததையும் ஒருங்கே தழுவிய விரிந்த சொல்லாக விளங்கிற்று என்பதற்கு, எள்ளின் நெய் எண்ணெய் என்றும் வெண்மையான நெய் வெண்ணெய் என்றும் புணர்ந்து நிற்கும் பெயர்களே சாட்சி. கன்னடத்தின் பெண்ணெயும் மலையாளத்தின் வெண்ணயும் அவ்வழி வந்தவையே. வடமொழியிலும் திலம் என்னும் எள்ளிற் பிறந்த தைலம் எல்லாவற்றிற்கும் பொதுப்பெயராயிற்று. நாமும் எள்ளை மறந்து தேங்காயெண்ணெய் என்கிறோம், மண்ணெண்ணெய் என்றுகூடச் சொல்கிறோம்.

வெண்ணெயை நெய்யின் ஒரு வகையாகவே, வெண்மை ஒன்றால் மட்டும் வேறுபட்டதாகவே, பெயரிட்டவர்கள் கருதினார்கள் போலும். அவ்வாறாயின், உருகித் தெளிந்த நெய் மார்கழிக் குளிரில் மீண்டும் வெளுத்து இறுகும்போது அது வெண்ணெயாகிவிட வேண்டுமன்றோ? எருமை நெய்யோ பாலின் நிறமாகவே இறுகுகிறது. ஆயினும் அதனை வெண்ணெய் என்று ஒருவரும் அழைத்து நான் கேட்டதில்லை. 'நெய் உறைந்துவிட்டது' என்றே நம் வீட்டுப் பெண்டிர் சொல்கிறார்கள். இந்தப் பிரயோகத்தின் நுட்பம் என்னை வியப்பில் ஆழ்த்துவது.

ஏனெனில், வெண்ணெய் வெறுங்கொழுப்பன்று. 100 பங்கில் ஏறக்குறைய 80 பங்கு கொழுப்பு. எஞ்சியதிற் பெரும்பகுதி, கண்ணுக்குப் புலப்படாத நுண்துளிகளாகக் கொழுப்பினூடே சிதறிக் கிடக்கும் நீர். வாணலியில் இட்ட வெண்ணெய் உருகியதும் துளிகள் ஒன்றுகூடிக் கொழுப்பினின்று பிரிகின்றன. சடசடவென்று எழும் ஓசை அந்த நீர் ஆவியாகும் ஓசையே. ஓசை அடங்கி, நுரை தணிந்து, அடியிற் படிந்த பாற்கசடு பொன்னிறமாகச் சிவக்கும்போது, பதமறிந்த கை ஒரு கொத்து முருங்கைக்கீரையை இட்டு இறக்கிவிடும். அடுப்பிலேற்றாமல் வெயிலில் உருகவைத்தாலும், ஆறியபின் கிடைப்பது மேலே கொழுப்பும் கீழே நீருமாகப் பிரிந்த ஒன்றே. கொழுப்பு உறைகிறது, துளிகளின் பழைய அமைப்பு மட்டும் திரும்புவதில்லை. பாற்கொழுப்பையும் நீரையும் கொழுப்பு நீக்கிய பாற்பொடியையும் சேர்த்துக் குளிரவைத்துப் பிசைந்து வெண்ணெய் செய்யும் ஆலைகள் உண்டெனினும், அது புதிதாக ஆக்குதலேயன்றி மீட்டலாகாது.

உறைதல் என்னும் வினையும் சிந்திக்கத் தக்கது. பாலும் உறைகிறது, நெய்யும் உறைகிறது; முன்னது தயிரானபின் பாலாவதில்லை, பின்னதோ சிறிது சூடு பட்டதும் உருகிவிடுகிறது. உருகுதலும் உறைதலும் போகவரவுள்ள வழியாய் நிற்பது நெய்யின் எல்லைக்குள்தான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதைப் பழிக்கும் பழமொழியும் அவ்வழியின் ஒரு திசையை மட்டுமே அறியும்.

வடமொழியார் வெண்ணெய்க்கு இட்ட நவநீதம் என்னும் பெயரில் நிறமே இல்லை. புதிதாகக் கொணரப்பட்டது என்பதே அதன் பொருள். ஜாடியில் மணல்மணலாக உறைந்து கிடக்கும் எருமை நெய்யைக் கரண்டியாற் சுரண்டிப் பாருங்கள். தமிழ்ப்பெயர் கூறும் வெண்மை அங்கே இருக்கிறது, நவநீதம் கூறும் புதுமை இல்லை.