சாம்பலும் நீராவியும்: சின்ட்ரெல்லா கதையில் பெயர்மாற்றம்

ஒரு தேவதைக் கதை மீண்டும் மீண்டும் கூறப்படுகையில் அதன் நோக்கு மாறுவதைத் தலைவியின் பெயரே உணர்த்திவிடும். சின்ட்ரெல்லா கதை இதற்குத் தக்க சான்றாகும்.

1697இல் ஷார்ல் பெரோ வெளியிட்ட பிரெஞ்சு வடிவில் தலைவியின் பெயர் 'சாந்த்ரியோன்'. 1812இல் கிரிம் உடன்பிறப்பினர் தொகுத்த ஜெர்மானிய வடிவில் அது 'ஆஷென்புட்டெல்'. இரண்டும் 'சாம்பல்' என்னும் பொருளுடைய சொல்லடியாகப் பிறந்த ஏளனப் பெயர்களே. முன்னதில் தேவதையும், பின்னதில் தாயின் கல்லறைமேல் வளர்ந்த மரமும் அவளுக்குத் துணைசெய்கின்றன.

1987இல் அமெரிக்க எழுத்தாளர் கே. டபிள்யூ. ஜீட்டர், 'சைபர்பங்க்' என்பதை ஒட்டி 'ஸ்டீம்பங்க்' என்னும் சொல்லைப் படைத்தார். நீராவிப் பொறிகள் நிறைந்த உலகைப் புனையும் இவ்விலக்கிய வகை பின்னர்த் தேவதைக் கதைகளையும் தழுவிக்கொண்டது. பெட்சி கார்ன்வெல்லின் 'மெக்கானிக்கா' (2015) அவ்வாறு எழுந்த புதினம். அதன் தலைவி நிக்கோலெட்டை மாற்றாந்தாயின் மகளிர் 'மெக்கானிக்கா' என இழித்துரைக்கின்றனர். ஏளனம் நீடிக்கிறது, சொல்லடியோ சாம்பலிலிருந்து பொறிக்கு மாறுகிறது. பழம்பெயர் அவள் தள்ளப்பட்ட இடத்தைச் சுட்டியது; புதுப்பெயர் அவளது கைத்திறனைச் சுட்டுகிறது.

இப்புதினத்தில் வரும் மறைவான நிலவறை, வால்போலின் 'ஒட்ரான்டோ கோட்டை'யுடன் (1764) தொடங்கிய காதிக் புதின மரபை நினைவூட்டும். அம்மரபில் நிலவறை அச்சத்தின் இடம். இங்கு அது தாயின் பட்டறை. தேவதையும் மரமும் நின்ற இடத்தில் தாய் விட்டுச்சென்ற நூல்களும் கருவிகளும் நிற்கின்றன. பெற்ற கொடை தொழிலறிவாக மாறியமையால், விடுதலையும் தலைவியே ஈட்டவேண்டியதாகிறது.