சளியில் ரத்தமா? சிறுநீரையும் பாருங்க மக்களே!

முட்டம் லைட்ஹவுஸ் பக்கம் காத்து வாங்க வர்ற தம்பிகளும் அவங்களைப் பெத்தவங்களும் படிக்க வேண்டிய நூறு வருஷக் கதை இது.

1/ 1919. ஸ்பானிஷ் ஃப்ளூ காலம். 18 வயது இளைஞன் ஒருவனின் மரணத்தை அமெரிக்க மருத்துவர் எர்னஸ்ட் குட்பாஸ்சர் பதிவு செய்கிறார். நுரையீரலில் ரத்தக்கசிவு, கூடவே சிறுநீரகமும் பாதிப்பு. ஃப்ளூவோடு சேர்த்தே அதை அவர் எழுதினார்.

2/ 1958-ல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இதே மாதிரி நோயாளிகளைப் பார்த்து "குட்பாஸ்சர் சிண்ட்ரோம்" என்று பெயர் வைத்தார்கள். ஆனா காரணம்?

3/ 1967-ல் விடை கிடைத்தது. நோயாளிகளின் சிறுநீரகத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடியைக் குரங்குகளுக்குச் செலுத்தினார்கள். குரங்குகளின் சிறுநீரகமும் கெட்டது. அதாவது வெளியிலிருந்து வந்த எதிரி இல்ல. நம்ம எதிர்ப்பு சக்தியே நம்மைத் தாக்குது!

4/ சிறுநீரக வடிகட்டியிலும் நுரையீரல் காற்றுப் பைகளிலும் ஒரே வகை கொலாஜன் சவ்வு இருக்கு. அதான் ரெண்டுக்கும் சேர்ந்து அடி. ஆனா சிலருக்கு மட்டும் நுரையீரலில் ரத்தம் கசிவது ஏன்?

5/ 1983-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு: இந்த நோய் வந்தவர்களில் சிகரெட் பிடித்த 37 பேருக்கும் நுரையீரலில் ரத்தக்கசிவு. பிடிக்காத 10 பேரில் 2 பேருக்குத்தான். ஆன்டிபாடி வாசலில் நிக்குது, புகை கதவைத் திறந்து விடுது. அவ்வளவுதான்.

6/ இப்போ வேப். "இது வெறும் ஆவிதான் டாக்டர்" என்பார்கள். அமெரிக்காவில் 2019-ல் வெடித்த வேப் நுரையீரல் நோயில், 2020 பிப்ரவரிக்குள் 2807 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். அதற்கு முக்கியக் காரணம் கஞ்சா வேப்பில் கலந்த வைட்டமின் ஈ அசிட்டேட். அது வேற நோய். ஆனா வேப் பிடித்த இளம்வயதினருக்குக் குட்பாஸ்சர் நோய் வந்த ஒருசில கேஸ்களும் மருத்துவ இதழ்களில் வந்திருக்கு. வேப்தான் காரணம்னு நிரூபணம் ஆகல. அதுக்காக நுரையீரலைப் பணயம் வைக்கணுமா?

7/ இந்தியாவில் 2019 முதல் இ-சிகரெட் விற்பதும் இறக்குமதி செய்வதும் குற்றம். வெளிநாட்டிலிருந்து வர்ற மாமா, அண்ணன்மாரே, தயவுசெய்து பரிசா கொண்டு வராதீங்க.

8/ சளியில் ரத்தம் வந்தா முதலில் டிபி டெஸ்ட் எடுங்க, அது ரொம்ப முக்கியம். கூடவே சிறுநீர், கிரியேட்டினின் டெஸ்டும் கேளுங்க. சிறுநீர் டீ கலரில் போனாலோ, மூச்சு வாங்கினாலோ, முகம் வீங்கினாலோ அன்னைக்கே ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு வாங்க. சீக்கிரம் வந்தா பிளாஸ்மா மாற்று சிகிச்சையாலும் மருந்தாலும் சிறுநீரகத்தைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. டயாலிசிஸ் தேவைப்படும் நிலையில் வந்தா பெரும்பாலும் அது திரும்பாது.

9/ தம்பி, வேப் பிடிச்சிருந்தா டாக்டர்கிட்ட மறைக்காதே. திட்ட மாட்டோம். அந்த ஒரு பதில் உன் உயிரைக் காப்பாத்தலாம்.