புதிர்த் துண்டு முதல் சர்ச் காணிக்கை வரை: வெளிநாட்டுக் குழந்தையைத் தத்தெடுக்க நிதி திரட்டும் அமெரிக்கக் குடும்பங்கள்... சிக்கல் எங்கே?

ஒரு 500 துண்டு ஜிக்சா புதிர். ஒரு துண்டை 20 டாலருக்கு 'வாங்கினால்' அதன் பின்பக்கத்தில் உங்கள் பெயரை எழுதிவிடுவார்கள். எல்லாத் துண்டுகளும் விற்றுத் தீர்ந்ததும் புதிரைச் சேர்த்து, இரு பக்கமும் தெரிகிற மாதிரி கண்ணாடிச் சட்டம் போட்டு, இன்னும் வீட்டுக்கு வந்து சேராத ஒரு குழந்தையின் அறையில் மாட்டுவார்கள். சேர்ந்திருக்கும் தொகை 10 ஆயிரம் டாலர்.

வெளிநாட்டிலிருந்து குழந்தையைத் தத்தெடுக்க நினைக்கும் அமெரிக்கக் குடும்பங்கள், குறிப்பாக இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவக் குடும்பங்கள், பணம் திரட்டும் வழிகளில் இதுவும் ஒன்று. இதில் நெகிழ வைக்கும் கதைகள் நிறைய உண்டு. கூடவே, பணம் சேர்ந்த பிறகு கேட்பதற்கு ரொம்பவே கஷ்டமான ஒரு கேள்வியும் உண்டு. அந்தக் குழந்தைக்கு உண்மையிலேயே யாரும் இல்லையா?

இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது, எங்கே தடம் மாறுகிறது என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

எவ்வளவு செலவாகும்?

அமெரிக்கக் குடும்பம் ஒன்று வெளிநாட்டுக் குழந்தையைத் தத்தெடுக்க பொதுவாக 20 ஆயிரம் முதல் 50 ஆயிரம் டாலர் வரை செலவாகும். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால்கூட 17 லட்சம் முதல் 42.5 லட்சம் ரூபாய். ஏஜென்சி கட்டணம், குடும்பத்தின் தகுதியைச் சோதிக்கும் 'ஹோம் ஸ்டடி', குடியேற்றத் துறை விண்ணப்பம், ஆவணங்களின் மொழிபெயர்ப்பு, சான்றொப்பம், குழந்தையின் நாட்டில் செலுத்தும் கட்டணம், விமானம், தங்குமிடம் எல்லாம் இதில் அடங்கும். சில நாடுகளில் குழந்தைகள் காப்பகத்துக்கு 'நன்கொடை' தருவதும் கட்டாயமாக இருந்தது. சீனாவில் பல ஆண்டுகள் இந்தத் தொகை 3 ஆயிரம் டாலர்.

இதற்கு நேர்மாறாக, அமெரிக்க அரசின் பராமரிப்பில் உள்ள குழந்தைகளைத் தத்தெடுக்க செலவே இல்லை, அல்லது மிகக் குறைவு.

அரசு உதவி கிடையாதா என்றால், உண்டு. தத்தெடுப்புச் செலவுக்கு 2025ஆம் ஆண்டில் ஒரு குழந்தைக்கு அதிகபட்சம் 17,280 டாலர் வரை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் வெளிநாட்டுத் தத்தெடுப்பு என்றால், எல்லாம் சட்டப்படி முடிந்த பிறகுதான் இந்தச் சலுகையைக் கேட்க முடியும். பணமோ முதலில் வேண்டும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் நிதி திரட்டல் வருகிறது.

சரி, இவ்வளவு பணத்துக்கு எங்கே போவார்கள்?

* சின்னச் சின்ன விற்பனை: டி-ஷர்ட், காபித்தூள், வீட்டில் உள்ள பழைய பொருட்கள், புதிர்த் துண்டுகள்.

* க்ரவுட் ஃபண்டிங்: 'கோஃபண்ட்மி' போன்ற தளங்களில் குடும்பத்தின் கதையைச் சொல்லி உதவி கேட்பது. இப்படி ஒரு குடும்பத்துக்கு நேரடியாகக் கொடுக்கும் பணம் அன்பளிப்புதான். கொடுத்தவருக்கு அதில் வரிவிலக்கு கிடைக்காது.

* மானியம்: பாடகர் ஸ்டீவன் கர்ட்டிஸ் சாப்மன் தம்பதி, 2000ஆம் ஆண்டில் சீனாவிலிருந்து ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தனர். அதன் தொடர்ச்சியாக அவர்கள் தொடங்கிய 'ஷோ ஹோப்' அமைப்பு, தத்தெடுக்கும் குடும்பங்களுக்கு மானியம் தருகிறது.

* இணை நிதி: சர்ச் எவ்வளவு திரட்டுகிறதோ, அதற்கு ஈடாக ஒரு பங்கை 'லைஃப்சாங்' போன்ற அமைப்புகள் சேர்க்கும்.

* உழைப்புக்கு நன்கொடை: டென்னசி மாநிலத்தின் 'போத் ஹேண்ட்ஸ்' அமைப்பின் வழி இது. தத்தெடுக்கும் குடும்பமும் நண்பர்களும் ஒரு நாள் முழுக்க ஒரு கைம்பெண்ணின் வீட்டைப் பழுது பார்ப்பார்கள். அந்த உழைப்புக்கு ஆதரவு கேட்டுத் தெரிந்தவர்களுக்கெல்லாம் கடிதம் போகும். வரும் பணம் தத்தெடுப்புக்கு.

இதில் மதம் எப்படி வந்தது?

அனாதைகளையும் விதவைகளையும் கவனிப்பதே தூய்மையான பக்தி என்ற கருத்து பைபிளில் யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரத்தில் வருகிறது. 'போத் ஹேண்ட்ஸ்' என்ற பெயருக்கே இதுதான் அடிப்படை: ஒரு கை அனாதைக்கு, ஒரு கை விதவைக்கு.

நவீன வரலாறு 1955ல் தொடங்குகிறது. ஓரிகன் மாநில விவசாயி ஹாரி ஹோல்ட்டும் மனைவி பெர்த்தாவும் கொரியப் போரில் ஆதரவிழந்த 8 குழந்தைகளைத் தத்தெடுத்தனர். அப்போதைய சட்டம் அத்தனை பேரை அனுமதிக்கவில்லை. இவர்களுக்காகவே அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. பக்தியுள்ள அந்தக் குடும்பம் தொடங்கிய அமைப்பு, உலகின் பெரிய தத்தெடுப்பு ஏஜென்சிகளில் ஒன்றாக வளர்ந்தது.

2000களில் இது ஓர் இயக்கமானது. நவம்பர் மாதத்தில் சர்ச்சுகளில் 'அனாதைகள் ஞாயிறு' அனுசரிக்கப்படுகிறது. 2009ல் அமெரிக்காவின் மிகப்பெரிய புராட்டஸ்டன்ட் அமைப்பான சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன், தத்தெடுப்பை ஊக்குவித்து தீர்மானமே போட்டது.

'கடவுள் தருவார்': பலமும் பாரமும்

கையில் பணம் இல்லாமலே விண்ணப்பம் போடும் குடும்பங்கள் உண்டு. 'அழைத்தவர் வழி காட்டுவார்' என்பது அவர்களின் நம்பிக்கை. தவணை கட்ட வேண்டிய தேதிக்கு முந்தைய நாள் எதிர்பாராத இடத்திலிருந்து காசோலை வந்தால், அது சபையில் சாட்சியாகச் சொல்லப்படும். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் குடும்பம் கிடைத்திருக்காத குழந்தைகளும் உண்டு. இதய நோய், உடல் குறைபாடு இருந்ததால் காப்பகத்திலேயே காத்திருந்த குழந்தைகளை விரும்பி ஏற்றவர்களில் இப்படிப்பட்ட குடும்பங்கள் கணிசம்.

ஆனால் பணம் மொத்தமாகக் கட்டப்படுவதில்லை. விண்ணப்பம், ஹோம் ஸ்டடி, ஆவணத் தொகுப்பு, குழந்தை ஒதுக்கீடு, பயணம் என்று ஒவ்வொரு படியிலும் தவணை. ஒவ்வொரு தவணைக்கும் சபை, உறவினர், அலுவலக நண்பர்கள் எல்லோரும் கை கொடுத்திருப்பார்கள். பாதி வழியில் ஆவணத்தில் ஏதோ உறுத்துகிறது என்று வையுங்கள். அப்போது 'நிறுத்துங்கள்' என்று சொல்வது எவ்வளவு கஷ்டம்? சந்தேகம் ஏஜென்சி மீதுதான் என்றாலும், அது கடவுளின் மீதான சந்தேகமாகவும், கொடுத்தவர்களுக்குச் செய்யும் துரோகமாகவும் தோன்றும்.

'அனாதை' என்றால் யார்?

நிதி திரட்டும் மேடைகளில் 'உலகில் 14 கோடி அனாதைகள்' என்ற எண் அடிக்கடி கேட்கும். எண் யுனிசெஃப் தந்ததுதான். ஆனால் தாய், தந்தை இருவரில் ஒருவரை இழந்த குழந்தையையும் யுனிசெஃப் அனாதை என்றே கணக்கிடுகிறது. 2015ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இருவரையும் இழந்தவர்கள் சுமார் 1.5 கோடி. அவர்களிலும் பெரும்பாலானோர் தாத்தா, பாட்டி, உறவினரிடம் வளர்பவர்கள்.

இந்த வித்தியாசம் தெரியாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு ஹைட்டி ஓர் உதாரணம். 2010 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு, அமெரிக்க பாப்டிஸ்ட் சபையினர் 10 பேர் 33 குழந்தைகளை உரிய ஆவணம் இல்லாமல் டொமினிகன் குடியரசுக்கு அழைத்துச் செல்ல முயன்று எல்லையில் கைதானார்கள். குழந்தைகளில் பெரும்பாலானோருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தது பிறகு தெரியவந்தது. பிள்ளை படிக்கட்டும் என்று நம்பி அனுப்பியவர்கள் அவர்கள்.

உகாண்டாவிலிருந்து 2015ல் ஒரு சிறுமியைத் தத்தெடுத்த அமெரிக்கத் தம்பதியின் அனுபவம் இன்னும் கனமானது. ஆங்கிலம் பழகியதும் அந்தச் சிறுமி தன் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். விசாரித்தபோது, மகள் படிக்கப் போகிறாள் என்று சொல்லி அந்தத் தாயை ஏமாற்றியது தெரிந்தது. தம்பதி சிறுமியைத் தாயிடமே கொண்டுபோய்ச் சேர்த்தனர். 2020 ஆகஸ்டில், உகாண்டா அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்துத் தத்தெடுப்புகளை நடத்தியதாக அமெரிக்க நீதித்துறை வழக்குத் தொடுத்தது.

ஹோல்ட் தம்பதியின் கதை தொடங்கிய தென்கொரியாவிலும், பெற்றோர் இருந்த குழந்தைகள் 'அனாதை' என்று பதிவு செய்யப்பட்டு வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டதை அந்நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது.

பணம் கட்டிய பிறகு கதவு மூடினால்?

ரஷ்யா 2012 டிசம்பரில் அமெரிக்கர்களுக்குத் தடை விதித்தது. காங்கோ 2013ல் குழந்தைகளுக்கான வெளியேறும் அனுமதியை நிறுத்தியதால், சட்டப்படி பெற்றோராகிவிட்ட பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. எத்தியோப்பியா 2018ல் மூடியது. 2024 செப்டம்பரில் சீனாவும், உறவினர் தத்தெடுப்பு தவிர மற்ற எல்லாவற்றையும் நிறுத்தியதாக அறிவித்தது. குழந்தை ஒதுக்கப்பட்டு, 2020 முதல் காத்திருந்த நூற்றுக்கணக்கான அமெரிக்கக் குடும்பங்கள் அத்தோடு நின்றுபோயின.

2004ல் சுமார் 23 ஆயிரம் குழந்தைகள் தத்தெடுக்கப்பட்டு அமெரிக்கா வந்தனர். 2023ல் வந்தவர்கள் 1,275 பேர்.

சட்டம் என்ன சொல்கிறது?

1993ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தம், தத்தெடுப்பில் முறையற்ற பண ஆதாயம் யாருக்கும் கூடாது என்கிறது. உண்மையான செலவும் நியாயமான கட்டணமும் மட்டுமே வாங்கலாம். பெற்றோரின் சம்மதத்தைப் பணம் கொடுத்துப் பெறக் கூடாது. இது இந்தியாவில் 2003லும், அமெரிக்காவில் 2008லும் நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவில் நிலவரம் என்ன?

தமிழ்நாட்டுக்கும் இதில் கசப்பான அனுபவம் உண்டு. 1990களின் இறுதியில் சென்னையின் குடிசைப் பகுதிகளில் கடத்தப்பட்ட குழந்தைகள், தத்தெடுப்பு மூலம் நெதர்லாந்து உள்ளிட்ட நாடுகளுக்கு அனுப்பப்பட்டது 2005ல் வெளிச்சத்துக்கு வந்தது. வாங்கிய குடும்பங்கள் முறைப்படிதான் பணம் கட்டியிருந்தன. இங்கே பெற்றவர்கள் பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது வெளிநாட்டுத் தத்தெடுப்புகள் மத்திய தத்தெடுப்பு ஆணையமான 'காரா' வழியாகவே நடக்க வேண்டும். விதியில் உள்ள கட்டணத்தைத் தாண்டி நன்கொடை கேட்கக் கூடாது. குழந்தையை விற்பதும் வாங்குவதும் சிறார் நீதிச் சட்டம் 2015ன் 81ஆவது பிரிவின்படி 5 ஆண்டு வரை கடுங்காவல் கிடைக்கும் குற்றம். ஆதரவு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதும் 74ஆவது பிரிவின்படி குற்றம். 'தத்துக்குக் குழந்தை உள்ளது' என்று வாட்ஸ்அப்பில் வரும் ஃபார்வேர்டுகள் இந்த இரண்டு பிரிவிலும் சிக்கலாம். சந்தேகம் இருந்தால் 1098க்கு அழைக்கலாம்.

நன்கொடை கேட்டு லிங்க் வந்தால் என்ன பார்க்க வேண்டும்?

அமெரிக்காவில் உள்ள நண்பரோ உறவினரோ இப்படி உதவி கேட்டால், இந்த 4 கேள்விகளைக் கேட்கலாம்:

* பணம் குடும்பத்தின் கணக்குக்குப் போகிறதா, ஏஜென்சிக்கு நேரடியாகப் போகிறதா?

* ஏஜென்சிக்கு அரசு அங்கீகாரம் உண்டா? கட்டண விவரம் எழுத்தில் இருக்கிறதா?

* தத்தெடுப்பு நடக்காமல் போனால் பணம் என்ன ஆகும்?

* பெற்றோர், உறவினரைத் தேடிப் பார்த்தது யார்? அதற்கு ஆவணம் இருக்கிறதா?

கடைசிக் கேள்வியைத் தத்தெடுக்கும் குடும்பமே முதல் தவணைக்கு முன்னால் கேட்டுவிடுவது நல்லது. சட்டத்தில் மாட்டிய புதிரில் 500 பேரின் பெயர் இருக்கும். வளர்ந்த பிறகு அந்தக் குழந்தை தேடப்போவது, அதில் இல்லாத அம்மாவின் பெயரை.