கியூ குச்சிக்குள் ஒரு மலை

1/ ஸ்நூக்கர் கியூவோட அடிப்பக்கத்தை எப்பவாவது கவனிச்சுப் பார்த்திருக்கீங்களா? கன்னங்கரேல்னு, நல்ல கனமா இருக்கும். தரமான கியூன்னா அது பெரும்பாலும் எபனி மரம். நம்ம பாஷையில கருங்காலி. ஜவ்வாது மலையில வேலை பார்க்கிற டாக்டருக்கும் கியூவுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குறீங்களா? கடைசி வரைக்கும் வாங்க.

2/ ஸ்நூக்கர் பிறந்ததே இந்தியாவுலதான். 1875ல் ஜபல்பூரில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரி நெவில் சேம்பர்லைன் பில்லியர்ட்ஸ் மேசையில் கலர் பந்துகளைச் சேர்த்தார். அதன் விதிகள் 1882ல் நம்ம ஊட்டி கிளப்பில் எழுதி மாட்டப்பட்டன.

3/ அமெரிக்காவில் பூல் ஆட்டம். அங்கே கியூ செய்வதையே கலையாக்கியவர் ஜார்ஜ் பாலபுஷ்கா. 1912ல் ரஷ்யாவில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறிய மரவேலைக்காரர். 1959 வாக்கில் கியூ செய்ய ஆரம்பித்து, 1975ல் இறந்தார். அதுக்கப்புறம்தான் வேட்டை சூடு பிடிச்சுது. செய்தவர் இல்லை, இனி புதுசு வராது. இருக்கிறது கைமாறினால்தான் உண்டு.

4/ 1986ல் வந்த 'தி கலர் ஆஃப் மணி' படத்தில் பால் நியூமன், டாம் குரூஸுக்கு ஒரு பாலபுஷ்கா கியூவைக் கொடுப்பார். உண்மையில் அது அந்தச் சாயலில் ஜாஸ் என்ற கம்பெனி செய்த கியூ! படத்துக்குப் பிறகு பாலபுஷ்கா என்ற பேர் உலகம் முழுக்கப் பரவியது. போலிகளும் சேர்ந்தே வந்தன.

5/ அதனால, தெரிஞ்சவங்க வாங்கும்போது மேசையில் உருட்டி வளைவு பார்ப்பாங்க. இணைப்பு, எடை, மரம் கூடும் முனைகள் எல்லாத்தையும் பார்ப்பாங்க. அப்புறம்தான் முக்கியமான கேள்வி: இது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது? நாங்க ஓ.பி.யில் கேட்கும் 'ஹிஸ்டரி' மாதிரியேதான். கதை சரியா இருந்தா விலை பல மடங்கு.

6/ இதுக்கு நேர்மாறா ஒண்ணு. ஸ்டீபன் ஹென்ட்ரி ஏழு உலகப் பட்டங்களையும் ஜெயித்தது வெறும் 40 பவுண்டு கியூவில்! 2003ல் விமானப் பயணத்தில் அது உடைஞ்சுபோச்சு. சில கியூவுக்கு மதிப்பு வாங்கின விலையில் இல்லை, பழகின கையில்.

7/ இப்ப சட்டத்துக்கு வருவோம். பழைய கியூக்களில் யானைத் தந்தம் பதிச்சிருப்பாங்க. ஆப்பிரிக்க யானைக்கும் 1989ல் சைட்டிஸ் ஒப்பந்தம் உச்சப் பாதுகாப்பு கொடுத்தது. 2017 முதல் நம்ம ஈட்டி உட்பட ரோஸ்வுட் இனம் முழுவதும் அதன் கட்டுப்பாட்டில் வந்தது. ஆக, தந்தம் பதிச்ச கியூ எல்லை தாண்டணும்னா அதுக்குக் காகிதம் காட்டணும். நல்ல விஷயம்தான்.

8/ ஆனா மரத்தை வெட்டினவனோட ஹிஸ்டரியை யாரும் கேட்பதில்லை. ஜவ்வாது மலை சந்தனத்துக்குப் பேர்போனது. இந்த மலைக்காரங்க சின்ன வயசிலிருந்தே மரம் அறிஞ்சவங்க. அந்தத் திறமைதான் அவங்களுக்கு வினையாச்சு. செம்மரம் வெட்ட ஆள் தேடி வர்ற தரகர்கள், கூலியைக் காட்டி அவங்களை ஆந்திராவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க.

9/ 2015 ஏப்ரல் 7. சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டதில் 20 தமிழர்கள் இறந்தாங்க. அதில் ஜவ்வாது மலைக்காரங்களும் உண்டு. செம்மரத்தை விலைபேசிய பெரிய கைகள் அந்தக் காட்டுப் பக்கம்கூட வந்திருக்காது. செம்மரம் கியூவுக்குப் போகிற மரம் இல்லைதான். ஆனா அரிய மரம் எதுவா இருந்தாலும் கணக்கு ஒண்ணுதான்: மேலே போகப் போக விலை, கீழே வர வர ஆபத்து.

10/ ஆசைப்பட்டு ஒரு கியூ வாங்குறீங்களா? தாராளமா வாங்குங்க. கருங்காலி மாலையோ சந்தனமோ, எதுவானாலும் சரி. செய்தவர் பேரைக் கேட்கும்போதே, 'மரம் எங்கிருந்து வந்தது, ரசீது இருக்கா?'ன்னு ஒரு வார்த்தை சேர்த்துக் கேளுங்க. வாங்குறவங்க கேட்க ஆரம்பிச்சாதான் விற்கிறவங்க பதில் தேடுவாங்க.