மாவுக்கட்டுக்குப் பின்னால் ஒரு மலை... பாரிஸ் ப்யூட்-ஷோமோன் பூங்காவில் என்னென்ன கனிமங்கள்?

கை உடைந்தால் போடுகிற மாவுக்கட்டு, பள்ளிக்கூடத்து சாக்பீஸ், ஹாலில் மாட்டுகிற ஃபால்ஸ் சீலிங், நிலக்கடலைச் செடிக்குப் போடுகிற வெள்ளைப் பொடி... இந்த நாலுக்கும் ஒரே கனிமம்தான் மூலம். அது ஜிப்சம்! அதைச் சுட்டுப் பொடித்தால் 'பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்'. அதென்ன பாரிஸ் பெயர்? அந்த நகரத்துக்கு அடியிலேயே ஜிப்சம் ஏராளமாகக் கிடந்ததுதான் காரணம். அப்படித் தோண்டிய குவாரிகளில் ஒன்றுதான், இன்றைக்கு பாரிஸ்வாசிகள் வாக்கிங் போகிற ப்யூட்-ஷோமோன் பூங்கா.

மொட்டை மலை டு பூங்கா

பாரிஸின் வடகிழக்கில், 19-வது வட்டாரத்தில் இருக்கிறது இந்த இடம். களிமண்ணும் ஜிப்சமும் கலந்த மண் என்பதால் இங்கே செடிகொடி எதுவும் சரியாக வளராது. 'ஷோமோன்' என்றாலே 'மொட்டை மலை'ன்னு அர்த்தம் சொல்வார்கள். கல்லை வெட்டி முடித்த பிறகு இது நகரத்தின் குப்பைமேடாகவும் கிடந்தது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில், 1864-ல் அல்ஃபோன் என்கிற பொறியாளர் இதைப் பூங்காவாக மாற்றும் வேலையைத் தொடங்கினார். உலகக் கண்காட்சி தொடங்கிய 1867 ஏப்ரல் 1 அன்றே இதுவும் திறக்கப்பட்டது. பரப்பளவு சுமார் 25 ஹெக்டேர், அதாவது கிட்டத்தட்ட 61 ஏக்கர்.

ஜிப்சம்: தண்ணீரைச் சுமக்கிற கல்

சுமார் 3.5 கோடி வருஷத்துக்கு முன்னால் இந்தப் பகுதியில் ஆழமில்லாத உப்பங்கழிகள் இருந்தன. வெயிலில் தண்ணீர் வற்ற வற்ற, அடியில் படிந்ததுதான் இந்த ஜிப்சம். வேதியியல் கணக்கில் இது கால்சியம் சல்பேட்டும் தண்ணீரும் சேர்ந்த கூட்டு. 100 கிலோ ஜிப்சத்தில் சுமார் 21 கிலோ தண்ணீர்தான்! தொட்டால் ஈரம் தெரியாது. ஆனால், சுமார் 150 டிகிரி செல்சியஸில் சுட்டால் அந்தத் தண்ணீரில் முக்கால் பங்கு ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுகிற பொடியில் திரும்பவும் தண்ணீர் ஊற்றினால், இழந்ததை எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாக இறுகும். மாவுக்கட்டு ரகசியம் அவ்வளவுதான். 1765-ல் இதை ஆராய்ந்து விளக்கியவர், நவீன வேதியியலின் தந்தை எனப்படும் லவாய்சியர்.

கண்டுபிடிப்பதும் சுலபம். மோஸ் கடினத்தன்மை அளவில் ஜிப்சம் 2, நம்ம நகம் சுமார் 2.5. அதனால் நகத்தாலேயே கீறிவிடலாம்.

செலினைட்: ஈட்டி முனைப் படிகம்

ஜிப்சமே கண்ணாடி மாதிரி தெளிவான படிகமாக வளர்ந்தால் அதற்குப் பெயர் செலினைட். இரண்டு படிகங்கள் ஒட்டிப் பிறந்து ஈட்டி முனை போல இருக்கிற வகைக்கு பாரிஸ் பகுதி ரொம்பப் பிரபலம். தேன் நிறத்திலும் கிடைக்கும். ஏடு ஏடாக உரியும்.

மெனிலைட்: பக்கத்துத் தெருக்காரன்

பூங்காவுக்குத் தெற்கே மெனில்மோன்தான் என்ற பகுதி இருக்கிறது. அங்கே கிடைத்த பழுப்பு, சாம்பல் நிற ஓப்பல் உருண்டைகளுக்கு ஊர்ப் பெயரையே வைத்து 'மெனிலைட்' என்றார்கள். நகைக்கடை ஓப்பல் மாதிரி இது வர்ணம் காட்டாது. ஜிப்சம் அடுக்குகளுக்கு இடையில் வருகிற சுண்ணாம்புக் களிமண்ணில் சிலிக்கா திரண்டு உருவானது.

குகையில் தொங்குவது கனிமமா?

பழைய குவாரி வாசல்தான் இப்போது 20 மீட்டர் உயரக் குகை. உள்ளே அருவி கொட்டுகிறது, கூரையிலிருந்து கூரான கற்கள் தொங்குகின்றன. 'ஆஹா, இயற்கை!'ன்னு போட்டோ எடுப்பவர்கள் கவனிக்க... அந்தத் தொங்கும் கற்கள் சிமென்ட்டில் செய்தவை. அருவித் தண்ணீரும் அன்றைக்குக் கால்வாயிலிருந்து பம்ப் வைத்து ஏற்றியதுதான்.

ஒரு லிட்டர் தண்ணீரில் 2 கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஜிப்சம் கரையும். கேட்க அற்பமான அளவுதான். ஆனால், வருஷக்கணக்கில் மழையும் நிலத்தடி நீரும் ஓடினால் பாறைக்குள் பொந்து விழும். அதனால்தான் இங்கே பாறை முகங்களை சிமென்ட்டாலும் கட்டுமானத்தாலும் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் இருக்கிற தான்யூப் மெட்ரோ ஸ்டேஷனும் பழைய குவாரிப் பள்ளத்துக்குள் இறக்கிய ஆழமான தூண்கள் மேல்தான் நிற்கிறது. பாரிஸில் குவாரிகளைக் கண்காணிக்கவென்றே 1777-ல் ஒரு துறை தொடங்கினார்கள். அது இன்றும் வேலை செய்கிறது.

போகிறவர்களுக்கு...

மெட்ரோ 7 பிஸ் லைனில் 'ப்யூட் ஷோமோன்' ஸ்டேஷனில் இறங்கினால் பூங்கா பக்கத்திலேயே. நுழைவுக் கட்டணம் இல்லை. கல்லைப் பெயர்க்காதீங்க, வேலி போட்ட இடத்தில் ஏறாதீங்க. அங்கே வேலி போட்டிருப்பது அழகுக்காக இல்லை.

பாரிஸ் போகாதவர்களுக்கும் இதில் பாடம் இருக்கு. தீப்பிடித்தால் ஜிப்சம் போர்டு தனக்குள் இருக்கிற தண்ணீரை ஆவியாக விட்டு, சூடு பரவுவதைத் தாமதப்படுத்தும். ஆனால், மேலே மொட்டைமாடி ஒழுகினால் அதே போர்டு ஊறித் தொங்கிவிடும். எனவே, ஃபால்ஸ் சீலிங் போடுவதற்கு முன் ஒழுகலைச் சரிபண்ணிடுங்க. ஜிப்சம் நெருப்பைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது!